நகுருவில் யானை கிடையாது

"நகுருவுக்குத்தான் போறோம். வேன் பேசியாச்சு" என்றாள் மும்புவா அக்கா.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, நைரோபியில் அக்கா வீட்டுக் கூடத்தில் குடும்பக் கூட்டம். அக்காதான் தலைவி. அவளுடைய தம்பி முல்வாவைக் கட்டிய பாவத்துக்கு நான் செயலாளர். வாரக் கடைசியில் குடும்பத்தோடு சஃபாரி போவது என்று போன கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் இப்போது ரகளை.

"எல்லாரும் அம்போசெலின்னு சொல்றோம். நீ மட்டும் நகுருன்னு நின்னா எப்படி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நகுருவுல காண்டாமிருகம் இருக்கு. சிங்கம் இருக்கு. ரோடும் நல்லா இருக்கு."

"யானை இருக்கா?"

"இல்லை."

"யானை இல்லாத சஃபாரிக்கு எதுக்கு வேன்? மாட்டுச்சந்தைக்கு நடந்தே போயிட்டு வரலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தட்டிலிருந்த மண்டாசிப் பணியாரத்தைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டாள்.

யானை மட்டும் விஷயமில்லை. கடைசித் தம்பி கிமேயு இரண்டு வருஷமாக அம்போசெலியில் ஒரு விடுதியில் கைடு. வெள்ளைக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு யானைக் கூட்டத்துக்கு நடுவே போவான். அவன் போனில் கதை சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் ஒருவரும் டிவி பார்ப்பதில்லை. அவன் பெண் தெனியாவுக்குப் பதினோரு வயது. தாயில்லாப் பெண். அத்தை வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள்.

"அத்தை, அம்போசெலிக்கே போகலாம் அத்தை. அப்பா ஜீப் ஓட்டறதைப் படம் எடுத்துட்டு வரேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் தெனியா.

"டீச்சருக்குக் காண்டாமிருகத்தைக் காட்டு."

குழந்தையின் முகம் சுருங்கிப்போனது.

"ஓட்டுக்கு விடலாம்" என்றேன். விட்டோம். அம்போசெலிக்கு ஒன்பது கை. நகுருவுக்கு ஒரே கை. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"எழுதிக்கோ கவின்யா. நகுருன்னு முடிவாச்சு" என்றாள் அக்கா.

"இது என்ன நியாயம்? ஒன்பது பேர் கை தூக்கியிருக்கோம்."

"தலைவி நான். இன்னொண்ணும் எழுது. கிமேயு அந்த ரெண்டு நாளும் லீவு போட்டுட்டு நம்மகூட வரணும். வழியெல்லாம் அவனே கைடா இருக்கட்டும்."

"அதானே பார்த்தேன், ஓசி கைடு" என்று முணுமுணுத்தார் என் வீட்டுக்காரர். பிறகு எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னார். "உனக்குத் தம்பி மேல பொறாமைக்கா. அங்கே போனா அவன்தான் ராஜா. உன்னை யாரும் தலைவின்னு கும்பிட மாட்டாங்க. அடுத்த கூட்டத்துல வேற ஆளைப் போட்டுக்கறோம்."

"தாராளமா. ஆனா அதுக்கு முன்னாடி நகுரு போயிட்டு வந்துடுவோம். வேன் சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு. சப்பாத்தி என் பொறுப்பு. முட்டையை யார் அவிக்கறீங்க?"

முட்டையை அவிக்க ஒருவரும் முன்வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். தெனியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் மட்டும் டீக்கோப்பைகளைக் கழுவப் பின்தங்கினேன். கழுவுவது ஒரு சாக்கு. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று இருந்தேன். அதற்குள் அக்காவின் போன் அடித்தது. அவளும் என்னோடு தட்டு கழுவிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் சோப்பு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எந்த ஊர்னு முடிவாச்சு?" கிமேயுதான்.

"நகுரு. நீயும் லீவு போட்டுட்டு வரே."

"நகுருவா?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் பழைய குரல் வந்துவிட்டது.

"என்னக்கா நீ. இங்கே வந்திருந்தா எல்லாரையும் ஜீப்பில ஏத்தி, யானைக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். ராஜ உபசாரம் பண்ணியிருப்பேன்."

"தெரியும்டா. பொண்ணுக்கு ஏதாவது வாங்கிட்டு வா. வேனுல அவ பக்கத்துலயே உட்காரு."

வைத்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவன் எவ்வளவு ஆசையா சொல்றான். அந்தக் குழந்தை உள்ளே அழுதுட்டு இருக்கு. உங்க வீம்புதான் பெரிசா? கல் மனசுக்கா உங்களுக்கு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். தெனியாவின் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் ஆபீஸ் பயிற்சிக்குப் போனேனே, அது கிமேயு வேலை பார்க்கற விடுதியிலதான். திறந்தவெளியில சாப்பாடு. மேஜைமேல குரங்கு ஏறாம விரட்டறதுக்குன்னே, கையில உண்டிவில்லைக் கொடுத்து ஒருத்தனை ஓரமா நிறுத்தி வெச்சிருந்தாங்க. அவன் என்னைப் பார்த்துடக் கூடாதேன்னு, பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்துட்டேன், கவின்யா."