தாமதத்துக்குக் காரணம்

மூன்றாவது துணியும் நனைந்துவிட்டது. பிள்ளை பிறந்து இருபது நிமிடம். கைருன்னிஸாவுக்கு இரத்தம் நிற்கவில்லை.

கட்டிலைச் சுற்றிய பச்சைத் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பயிற்சித் தாதியான நான் நின்றேன். காற்றுக்கும் விலகக்கூடாது என்பது தலைமைத் தாதியான பெரிய மிஸ்ஸியின் உத்தரவு.

திரைக்கு அந்தப் பக்கம், ஐந்தடி தூரத்தில், டொக்டர் தில்லைநாதன் கைகழுவிக்கொண்டு வந்து நின்றார்.

பெரிய மிஸ்ஸி ஜெகதீஸ்வரி அவரை மறித்தாள். 'முஸ்லிம் தாய்மாரைப் பராமரித்தல்' என்ற மூன்று நாள் வகுப்பில் முதலாவதாக வந்தவள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மருந்து அலுமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறாள்.

"சோனகப் பெம்பிளையை அந்நிய ஆம்பிளை பாக்கக்கூடாது, டொக்டர். அவையின்ர மார்க்கத்துக்கு நாங்கள் மரியாதை குடுக்கவேணும். அனுமதி வரட்டும்."

முறைப்பாடு வந்துவிடும் என்ற பயத்தில் அவரும் நின்றார்.

அனுமதி சைக்கிளில் போயிருந்தது. டொக்டரைக் கூப்பிடுங்கோ என்று கெஞ்சிய புருஷன் ஜெமீலை, உமக்கு உம்முடைய மார்க்கமே தெரியாது என்று அதட்டி, பள்ளிவாசல் லெப்பையைக் கேட்டு வரத் துரத்தியிருந்தாள். பள்ளிவாசல் நாலு மைல். அறுவடைக் காலம். லெப்பை எந்த வயலில் நிற்கிறாரோ!

வகுப்பைக் கேட்டாயிற்று. லெப்பையைக் கேட்க ஆள் போயாயிற்று. கட்டிலில் கிடந்தவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

வெளிறிய கையொன்று திரையைப் பற்றி இழுத்தது. திரை கம்பியோடு வந்து விழுந்தது.

"மானத்தை அல்லா பாப்பான்" என்றாள் கைருன்னிஸா. "இரத்தத்தை டொக்டர் பாக்கட்டும்."

டொக்டர் இரண்டே எட்டில் வந்தார். அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆர், நீயே பிள்ளை? மூத்தவன் சுகமோ?"

மூத்தவனின் பிரசவத்தையும் அவர்தான் பார்த்தாராம். இதே வார்ட்டில்.

ஒருவழியாக இரத்தம் நின்றது.

பெரிய மிஸ்ஸி திரையை எடுத்து, தூசி தட்டி, ஒழுங்காக மடித்தாள். பிறகு அறிக்கைப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்து அழகாம்.

'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், அவள் சொன்னதை ஓரெழுத்தும் பிசகாமல் எழுதினேன்:

'நோயாளியின் மத வழக்கம்.'