சட்டையின் தோள்

சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்குள் இறங்கிய வருடத்திலிருந்து என் மனைவி பூங்கோதை புதுத்துணி வாங்குவதில்லை. யாரோ உடுத்திக் கழித்ததைத்தான் கைபேசியில் பார்த்து வாங்குகிறாள். அதில் எனக்கும் சம்மதமே. போன வாரம் எனக்கென்று ஒரு நீலச் சட்டை வந்தது. விற்றவன் தானே அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டிருந்தான். கழுத்துக்கு மேலே படத்தில் இல்லை. முகம் தெரியாதவன் மேல் கோபம் வராது என்றுதான் நினைத்திருந்தேன். சட்டை வந்த பிறகும் அவள் கைபேசியில் சேமித்து வைத்த அந்தப் படத்தை அழிக்கவில்லை.

போட்டுப் பார்த்தேன். கழுத்து சரி, நீளம் சரி. தோள் மட்டும் இரு பக்கமும் என்னைத் தாண்டி நின்றது.

"டெய்லர்கிட்டக் குடுத்துப் பிடிச்சுக்கலாம்," என்றேன்.

"எதுக்குங்க? அப்படியே இருக்கட்டும். நல்ல வாட்டமா, எடுப்பாத்தான் இருக்குது."

"யாருக்கு வாட்டம்?"

"கேக்கறதப் பாருங்க," என்று சிரித்தாள். "சட்டைக்குத்தானுங்க."

இன்று ஒரு கல்யாணத்துக்கு அதையே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். பின்னால் வந்து தோளில் இருந்த சுருக்கத்தை நீவிவிட்டாள். அவள் கை மெதுவாக என் தோளின் முனைவரை வந்தது; அங்கே நிற்கவில்லை. அதற்கப்பால் விறைத்து நின்ற வெறும் துணியின் மேலும் அதே பதனத்தோடு போயிற்று.

"பூங்கோதை, அங்க நான் இல்ல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"தெரியுமுங்க," என்றாள்.