விளக்கு எரிந்தால் வருவேன்

"விளக்கு எரிஞ்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றான் ரத்னவேல்.

"எரிஞ்சதாலதானே போன் பண்ணேன்" என்றாள் சுதா. "காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் மஞ்சளா ஒரு ஸ்பேனர் படம் வந்துச்சு. அப்புறம் அதுவே அணைஞ்சிடுச்சு."

ஆங் மோ கியோவில் மெக்கானிக் அஸ்மத்தின் ஒர்க்‌ஷாப் வாசலில் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கார் உள்ளே உயரத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதை சுதா ஓட்டி வந்திருந்தாள். ரத்னவேல் தேக்காவிலிருக்கும் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரயிலில் ஓடி வந்திருந்தான். வந்தவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பழைய சண்டையைத் தொடங்கிவிட்டான்.

சண்டை என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வண்டி நன்றாக ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு விட வேண்டும் என்பது அவன் கட்சி. வண்டிக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, தேவைப்பட்டால் அதுவே விளக்கைப் போட்டுக் கூப்பிடும், அதுவரை அதைச் சும்மா விடுங்கள் என்பது அவள் கட்சி. கார் வாங்கிய நாளிலிருந்து இரண்டு பேரும் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. அடுத்த சர்வீஸ் தேதியை எழுதி அஸ்மத் கண்ணாடியில் ஒட்டிவிடும் ஸ்டிக்கரை, கண்ணை உறுத்துகிறது என்று அவள் உரித்துப் போட்டுவிடுவாள். தேதி நெருங்கும்போது அவன் மெசேஜ் அனுப்புவான். விளக்கு எரியட்டும், பார்க்கலாம் என்று பதில் வரும்.

இந்தத் தடவை அவன் விடுவதாக இல்லை. அவள் வாயால் ஒரு தேதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான். தேதி இல்லையென்றால் அடுத்த விளக்கு எப்போது எரியுமோ, யார் கண்டது?

பல் வலித்த பிறகு டாக்டரிடம் போனால் பிடுங்கத்தான் முடியும் என்று ஆரம்பித்தான். பல்லுக்குள் கம்ப்யூட்டர் இல்லையே என்றாள் அவள். விளக்கே பழுதாகிவிட்டால் என்ன செய்வாய் என்று மடக்கினான். அதைச் சொல்வதற்கும் ஒரு விளக்கு இருக்கிறது என்று கூசாமல் சொன்னாள். அப்படி ஒன்று உண்டா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எழுந்து போய்ப் பக்கத்துக் கடையில் இரண்டு கோப்பி வாங்கி வந்தான். அவளுடையதில் சீனி குறைவு. கொடுத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டான்.

"ஒண்ணும் கெட்டுப்போகலைன்னாலும் அப்பப்ப வந்து பாத்துக்கணும் சுதா. கெட்டுப்போன பிறகு வந்தா ரிப்பேர்தான் பண்ண முடியும். சில சமயம் அதுவும் முடியாது."

சுதா கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் குத்தலாக ஏதாவது வரும் என்று அவன் காத்திருந்தான்.

"சரி, தேதி வெச்சுக்கலாம்" என்றாள். "ஆனா ஆறு மாசமெல்லாம் ரொம்ப லேட்டு லா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவோம்."

ரத்னவேலால் தன் காதையே நம்ப முடியவில்லை. கேட்டது ஒரு பங்கு, கிடைத்தது இரண்டு. காரணம் கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்து, அவசர அவசரமாக இருவர் போனிலும் தேதியைக் குறித்துவிட்டான்.

கார் கீழே இறங்கியது. அஸ்மத் நீட்டிய சாவியை சுதா வாங்கிக்கொண்டாள். பிடோக் போக வேண்டும், நேரமாகிறது என்று காரில் ஏறியவள், கண்ணாடியை இறக்கி, தேதியை மறந்துவிட வேண்டாம் என்று அவனுக்கே நினைவூட்டிவிட்டுப் போனாள்.

தேர்தலில் ஜெயித்தவனைப் போல ரத்னவேல் அஸ்மத் பக்கம் திரும்பினான். இத்தனை வருடம் தன்னால் முடியாததை அந்த மஞ்சள் விளக்கு ஒரே நாளில் முடித்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லி, வண்டியில் என்ன கோளாறு என்று விசாரித்தான். அஸ்மத் துணியில் கையைத் துடைத்தபடி கொஞ்சம் தயங்கினான்.

"கோளாறே இல்லண்ணே. மெஷினை மாட்டிப் பாத்துட்டேன். விளக்கு எரிஞ்சிருந்தா உள்ள பதிவாகியிருக்கும். இன்னைக்கு இல்ல, இந்த வருஷம் முழுக்கவே இந்த வண்டியில எந்த விளக்கும் எரியல."

"அப்புறம் ஏன் எரிஞ்சதா சொன்னா?"

"அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? வீட்டுக்குப் போய் நீங்களே அக்காகிட்ட கேளுங்க."

ரத்னவேல் கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். விவாகரத்தாகி அவன் ஈசூனுக்கும் அவள் பிடோக்குக்குமாகப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பதோ, கார் கொள்ளை விலை விற்கும் இந்த ஊரில் இன்னொன்று வாங்குவது நடக்கிற காரியமில்லை என்று இதை மட்டும் பங்கு பிரிக்காமல் ஆளுக்கொரு மாதம் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதோ அஸ்மத்துக்குத் தெரியாது. சர்வீஸைச் சாக்கு வைத்து மற்றவரைப் பார்க்கத் துடிப்பது தான் ஒருவன் மட்டும்தான் என்று ரத்னவேலும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.