பாரை பட்ட காலை

“கடல்ல போற வீட்டுக்குப் பொண்ணக் குடுக்க முடியாதுங்க. அத நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

தர்மபுரத்தில் நெல் விதைக்கும் மாயாண்டி, முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவர் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யோகநாதன். மாயாண்டியின் மகள் சுகந்தினியும் யோகநாதனின் மகன் பிரதாபனும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். அதைப் பற்றிக் கதைக்க வரும்படி சம்மாட்டிதான் ஆள் அனுப்பியிருந்தார்.

அவர் கோபிக்கவில்லை.

“வலை கரைக்கு வருது அண்ணை. அது முடிய ஆறுதலாக் கதைப்பம்.”

இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கயிறு நகர மறுத்தது.

“பாரை,” என்றான் ஒருவன், மெல்ல.

அந்தப் பெரிய மீனின் பெயருக்குக் கரையே எழுந்து ஓடி வந்தது. மீன் வாங்க வந்த பெண்கள் கூடைகளை மணலில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள். ஐஸ் லொறிச் சாரதி பிடித்தார். தன்னை அறியாமல் மாயாண்டியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார்.

கயிற்றின் வழியே அவர் கைக்குள் ஏதோ துடித்தது. கடலுக்குள்ளிருந்து யாரோ எதிர்த்து இழுப்பதுபோல் இருந்தது.

வலையின் மடி கரையேறியபோது அலை வெள்ளியாகக் கொதித்தது. ஒவ்வொரு பாரையும் ஒரு கைக்குழந்தை அளவு. அள்ள அள்ளக் குறையவில்லை. கொழும்புக்குப் போகும் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்தன. ஏலம் கூறியவரின் தொண்டை கட்டிப்போனது.

“விதைக்கல, உரம் போடல, தண்ணி பாய்ச்சல,” என்றார் மாயாண்டி, கண்ணை எடுக்காமல். “வருசம் முழுக்க வயல்ல கெடந்து நான் எடுக்கிறத, இந்தக் கடல் ஒரே காலையில அள்ளிக் குடுக்குதே சம்மாட்டி.”

“ஓம். குடுக்கிற நாளில இப்பிடித்தான் குடுக்கும்.”

மாயாண்டி செதில் ஒட்டிய கைகளைக் கூப்பினார். “நான் சொன்னத மறந்திடுங்க. எம் பொண்ணு இந்த வீட்டுக்கே வரட்டும். நாள் பாருங்க.”

யோகநாதன் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

“போன கிழமை உங்களுக்குத் தெரியாமல் தர்மபுரத்துக்கு வந்தனான் அண்ணை. கதிர் முத்தின வயல் வரம்பில கன நேரம் நிண்டனான். பின்னேரம் வேலை முடிய, ஆம்பிளையள் எல்லாரும் ஒருத்தர் குறையாமல் வீட்டை போனதைப் பாத்தன். அப்பிடி ஒண்டை நான் எங்கட கரையில கண்டதில்லை.”

குரல் தணிந்தது.

“என்ர தகப்பன், என்ர மூத்த பொடியன், ரெண்டு பேரும் கடலுக்குப் போய் வரேல்லை. உங்கட பிள்ளையை நான் இஞ்ச கேக்கேல்லை. என்ர மகனை உங்கட வயலுக்கு எடுப்பியளோ எண்டு கேக்கத்தான் உங்களைக் கூப்பிட்டனான்.”