நம்பர் கேட்கும் மச்சான்

“மாப்ள, அங்க கரண்டு போய் வந்துச்சா? நம்பர் மாறியிருக்கும், சொல்லு.”

வெள்ளிமலையிலிருந்து வெற்றிவேல் பேசினார். தமிழ்மொழியின் அண்ணன். தமிழ்மொழி இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அவள் கணவன் அறிவுச்செல்வன், கள்ளக்குறிச்சி வீட்டில் கணினித் திரையைப் பார்த்துப் படித்தான். “இருநூத்தி மூணு. டாட். ஜீரோ. டாட்...”

“இரு இரு, பேனா எழுதல. இன்னிக்கு இன்னா ஆக்கின?”

“தயிர் சோறு.”

“நேத்தும் அதான சொன்ன? வூட்ல மாடு கட்டி வெச்சிருக்கியா?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைக்கவும் மனமில்லை. அலுவலகம் விட்டால் அவன் யாரோடாவது பேசுவது இந்த ஓர் அழைப்பில்தான்.

அந்தக் கணினியில் ஓடுவது ஒரு விளையாட்டு. கட்டை கட்டையாக அடுக்கி ஓர் ஊரையே கட்டலாம். வேறு ஊரில் இருப்பவரும் இணையம் வழியே உள்ளே வந்து நடக்கலாம். தமிழ்மொழி அதில் வெள்ளிமலையைக் கட்டியிருந்தாள். மலைப்பாதை வளைவுகள், பள்ளிக்கூடம், அண்ணனின் உரக்கடை. கடைக் கல்லாவில் அண்ணனுக்குப் பதில் ஒரு கோழியை உட்கார வைத்திருந்தாள்.

அதைப் பார்க்க வெற்றிவேல் தினமும் வருவார். வருவதற்கு இந்த வீட்டு இணைய இணைப்பின் நம்பர் வேண்டும். மின்சாரம் போய் வந்தால் நம்பர் மாறிவிடும் என்று தினமும் கூப்பிட்டுக் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அலுவலக நண்பன் பிரவீன்குமார் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தான்.

“இதுக்கா ஒரு மனுஷன் தெனம் போன் பண்றாரு? போன்ல உங்க பேரத் தொட்டா நம்பர் அதுவாப் போவுதுல்ல, அதே மாதிரி இதுக்கும் ஒரு பேர் வெச்சிடலாம்ணே. டிஎன்எஸ்னு சொல்வாங்க. பேர அடிச்சாப் போதும், இன்னிக்கு இன்னா நம்பர்னு அதுவே தேடிக்கும். நம்பர் மாறினா இந்தக் கம்ப்யூட்டரே அந்தப் பேர்ல புது நம்பரப் போட்டுடும்.”

“அப்ப அவரு கூப்புட வேணாமா?”

“எதுக்குக் கூப்புடணும்?”

அறிவுச்செல்வன் மச்சானை நினைத்துப் பார்த்தான். கடையில் ஆட்கள் காத்திருக்க, ஒரு கையில் போனும் மறு கையில் பேனாவுமாக நிற்கிற மனிதர். தனக்கு ஒரு குரல் கேட்க வேண்டும் என்பதற்காக அவரை எத்தனை நாள் இப்படி நிறுத்துவது?

“வெச்சிடு” என்றான்.

‘மச்சான், இனிமே நம்பர் கேட்டுக் கூப்பிட வேண்டியதில்லை’ என்று போனில் எழுதியும் வைத்தான். அனுப்புவதற்கு மட்டும் விரல் போகவில்லை.

பிரவீன்குமார் ஏதேதோ தட்டினான். நிறுத்தினான். திரையை மேலும் கீழும் தள்ளிப் படித்தான்.

“அண்ணே, இதுக்குத்தான் ஏற்கெனவே பேர் இருக்குதே.”

“நான் வெக்கலியே.”

“அண்ணி வெச்சிருக்காங்க. ரெண்டு வருஷம் ஆவுது. நம்பர் மாறுறப்பல்லாம் இன்னி வரைக்கும் அதுவா மாத்திக்கினுதான் இருக்குது.”

“மச்சானுக்கு அது தெரியாது போல.”

“யார் எத அடிச்சு உள்ள வந்தாங்கன்னு இங்க பதிவாவும்ணே.” பிரவீன்குமார் குரலைத் தாழ்த்தினான். “உங்க மச்சான் தெனமும் அண்ணி வெச்ச பேர்லதான் வர்றாரு. ஒரு நாள்கூட நம்பர் அடிச்சு வந்ததில்ல.”