முன் சீட்டில் மணல் மூட்டை

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட் வேறு போட்டிருந்தது.

காலடியில் இன்னொரு மூட்டை. இரண்டையும் நைலான் கயிற்றால் சீட்டின் இரும்போடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்காரர்கள் சாமான் கட்டும் முடிச்சு.

"நேத்து டிக்கியிலதானடா வச்சேன்?" என்றான் கர்ணன்.

"கார் கதவப் பூட்டுனியா?"

"கரட்டடியில, சொந்த வாசல்ல நிக்கிற வண்டிய யாருடா பூட்டுவா?"

கூட்டாளி பாண்டியராஜன் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். "ஒங்க மாமன் கைவேலைதான். நீ ஏறப் பத்து நிமிசம் இருக்கையில கண்டுபிடிக்கிறியே, வெளங்குனாப்பலதான்."

கர்ணனுக்கும் சந்தேகமில்லை. தாய்மாமன் ஒச்சாண்டி கோம்பை ஜீப் ஸ்டாண்டுக்குத் தலைவர். போன வாரம் டீக்கடையில் கர்ணன் புது டர்போ கார் வாங்கிய தெம்பில், "இந்த ஜீப்பையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்" என்று சொல்லித் தொலைத்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்டாண்டே எழுந்து நின்றது.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் சும்மா இருக்க முடியுமா?

"ஏலே, கரட்டு உச்சிக் கோயிலுக்கு எஞ் ஜீப்பவிட வெரசா ஏறிக் காட்டு. எம் மக நதியாவத் தாரேன். முடியலையா, அவ பேர மறந்துரு."

அன்றிலிருந்து நதியா அப்பாவுக்குச் சோறு வைக்கிறாள். முகம் பார்ப்பதில்லை.

கர்ணன் மறுநாளே மதுரைக்குப் போனான். அங்கே ஒரு மெக்கானிக் காரில் லேப்டாப்பைச் சொருகி, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுத்தார். தார் ரோட்டில் கார் அம்பாகப் பாய்ந்தது. கரட்டின் செம்மண் ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது.

போன் செய்து கேட்டான்.

"பவர் கூடிப்போச்சுல்ல, வழுக்கத்தான் செய்யும்" என்றார் மெக்கானிக். "சக்கரம் வழுக்குனா பவரத் தானாக் கொறைக்கிறதுக்கு ட்ராக்‌ஷன் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்கு சார். பெரிய கார்கள்ல வரும். ஒங்க வண்டியில கெடையாது."

கோம்பைக்காரனுக்கு அதெல்லாம் எதற்கு? மழைநாளில் ஜீப் வழுக்கினால் நாலு ஆளைப் பின்னால் தொங்கவிடுவார்கள். ஜீப் முனகிக்கொண்டு ஏறிவிடும். ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த வித்தை.

கர்ணன் டிக்கியில் இரண்டு மூட்டை மணலை ஏற்றினான். நேற்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது முன்சக்கரங்கள் முன்னைவிட மோசமாகச் சேற்றை வாரி இறைத்தன. இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இப்போது மாமா ஏறி முடித்துவிட்டார். இரண்டு நிமிடம் பதினோரு வினாடி. உச்சியில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்ற விளையாட்டு வாத்தியார் வைகுண்டராஜ் அடுத்த விசிலை ஊதினார்.

"அருவா எடுத்தாரேன், கயித்த அறுத்துருவோம்" என்றான் பாண்டியராஜன்.

"வேணாம். அப்பிடியே இருக்கட்டும். மேல போயி ஊரு முன்னால கதவத் தொறந்து காட்டுறேன். தோத்தாலும் நாறடிச்சுட்டுத்தான் தோப்பேன்."

பாண்டியராஜன் மேலே தெரியும்படி துண்டை வீசிக் கிளம்பச் சைகை காட்டினான்.

கர்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். சக்கரம் சுழலும் என்று எதிர்பார்த்தான். சுழலவில்லை. கார் மண்ணைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. பக்கத்து மூட்டை பெல்ட்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது, கல்யாண வீட்டுக்குப் போகிற பெரிய மனிதரைப் போல.

இரண்டாவது வளைவில் சேறு அதிகம். நேற்று அங்கேதான் நின்றுபோனான். இன்று ஸ்டீயரிங் கையை இழுக்கக்கூட இல்லை. கோபத்தில் ஓட்டினால் கார் இப்படித்தான் ஏறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஒன்று ஐம்பத்தெட்டு!" என்று கத்தினார் வைகுண்டராஜ்.

ஜீப்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒச்சாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"நல்லா ஓட்டுனீக தலைவரே. அது மிசினு, நாம என்ன செய்ய?" என்றார் ஒருவர்.

கர்ணன் கதவைத் திறக்கப் போனான். அதற்குள் மாமா வந்து கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"என்னைய ஏமாத்தப் பாத்தீகள்ல மாமா?" கர்ணனுக்கு மூச்சு வாங்கியது. "மூட்டைய எடுத்து முன்னால கட்டிப்புட்டா நான் தோத்துருவேனா? அப்பிடியும் ஜெயிச்சுட்டேன்ல?"

ஒச்சாண்டி ஒருமுறை திரும்பி ஸ்டாண்டுக்காரர்களைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லப் பேசு மாப்ள. முன்வீலு இழுக்குற வண்டிக்கு எவனாச்சும் பின்னால பாரம் ஏத்துவானா?"