பெலெக் கேட்ட சொல்

மலையிலிருந்து இறக்கி, சமவெளியில் சிமெண்ட் வீடுகளில் அரசாங்கம் குடிவைத்த அந்தக் குர்துக் கூட்டத்தில், தாய்மொழிக்குப் பயப்படாமல் காது கொடுத்தது பெரிகானின் ஆட்டு நாய் பெலெக் மட்டும்தான். சர்க்கார் மொழியில் எத்தனை அதட்டினாலும் அதன் மண்டையில் ஏறாது.

விசாரணைக்கு வந்த அதிகாரி வாசலில் நின்றபடியே கேட்டார். “வீட்டுக்குள்ள அந்தப் பாஷை பேசுறதா புகார் வந்திருக்கே?”

“யாருங்க பேசுறது? அதை மலையிலேயே விட்டுட்டு வந்தாச்சுங்க” என்றாள் பெரிகான். பேசியதற்காகப் பிடித்துக்கொண்டுபோன அவள் புருஷன் இரண்டு வருஷமாகியும் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து பெலெக் கயிற்றை அறுத்துக்கொண்டு அவர்மேல் பாய்ந்தது. “நில்! நில்!” என்று சர்க்கார் மொழியில் கத்தினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தும் சொல் அவள் தொண்டைவரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனாலும் அந்தச் சொல் கேட்டது. அவர்களுடைய மலை ஆட்டுக்கிடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வரும் அடித்தொண்டை இழுப்போடு, பிசகில்லாமல் கேட்டது. பெலெக் அப்படியே உட்கார்ந்து அதிகாரியைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ‘எந்தக் கிடைப்பா நீ?’ என்று கேட்க பெரிகானுக்கு நாக்கு துடித்தது.

அவர் துப்பாக்கியை எடுத்து நாயைச் சுட்டார். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தாமலே அவள் பக்கம் திரும்பினார்.

“இப்ப உன் காதுல என்ன விழுந்துச்சு?”

பெரிகான் அவர் கண்ணையே பார்த்தாள்.

“நாய் குரைச்சதுங்க” என்றாள்.